6 அடி ரீஃப் தொட்டி: சம்ப் ஓட்டம், இறங்காத நைட்ரேட், இரவில் விழும் பிஎச்

செராங்கூன்_ரீஃப் (கேள்வி):

வணக்கம். சிங்கப்பூரில் தரைவீட்டுக் கீழ்த்தளத்தில் ஓடும் 6 அடி ரீஃப் தொட்டியின் (மீனும் பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வடிகட்டும் அமைப்பில் சில குழப்பங்கள். யாரும் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம் என்பதால் அளவுகளை எல்லாம் முதலிலேயே தந்துவிடுகிறேன்.

தொட்டி 180 × 75 × 60 செ.மீ. சம்ப் (கீழே நிற்கும் வடிகட்டுத் தொட்டி) 120 × 50 × 45 செ.மீ., ஓடும்போது அதில் நீர்மட்டம் 25 செ.மீ. பாறையைக் கழித்தால் மொத்தம் ஏறக்குறைய 800 லிட்டர் தண்ணீர். உலர் பாறை 70 கிலோ, மணல் 3 செ.மீ.

ஓவர்ஃப்ளோ பெட்டியில் (மேல்பரப்புத் தண்ணீர் வழிந்து விழும் பெட்டி) ஒன்றரை அங்குல டிரெயின் குழாய் இரண்டு. ஒன்று டர்சோ தலையுடன் (காற்றும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் வளைமுனை) ஓடுகிறது, மற்றது அவசரத்துக்குச் சும்மா நிற்கிறது. சம்பில் 7 அங்குல, 200 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸ் (வடிகட்டும் துணிப்பை) இரண்டு, அடுத்து நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், அடுத்து பாக்டீரியா குடியேறும் செராமிக் மீடியா கட்டிகள் எட்டு, பிறகு 3 செ.மீ. இடைவெளி விட்ட மூன்று தடுப்புக் கண்ணாடிகள், கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். பம்ப் மணிக்கு 12,000 லிட்டர் டிசி; 100 சதத்தில் ஓடுகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் 1 எச்பி சில்லருக்குத் தனிப் பம்ப், 26 டிகிரியில் நிற்கிறது.

மீன்கள்: மஞ்சள் டாங், ஃபாக்ஸ்ஃபேஸ், க்ளவுன் ஜோடி, க்ரோமிஸ் 9, ராஸ் 2. தீனி: தினமும் உறைய வைத்த மைசிஸ் (சிற்றிறால்) 6 கட்டி, காலையும் மாலையும் பெல்லட், ஒரு தாள் நோரி (உலர் கடற்பாசி), வாரம் இரண்டு முறை கோரலுக்கான (பவளம்) தூள் தீனி.

அளவுகள்: உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் ஒரு பங்கு), கேஎச் (காரத்தன்மை) 8.2, மற்றவை பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு): கால்சியம் 430, மக்னீசியம் 1330, நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.30. பிஎச் பகலில் 7.95, விடியற்காலையில் 7.75. வாரம் 10 சதம் தண்ணீர் மாற்றுகிறேன். ஆர்ஓ (சவ்வில் வடிகட்டிய) தண்ணீர்தான், டிஐ (மிச்ச அயனிகளைப் பிடிக்கும் ரெசின்) கிடையாது, டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள் அளவு) 6.

சிக்கல்கள்: தொட்டி முழுக்கப் பொடிக் குமிழ்கள். டிரெயினில் ஓயாத கொரகொரப்பு. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால் சம்ப் விளிம்புக்கு 1 செ.மீ. வரை தண்ணீர் ஏறிவிடுகிறது. ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடுத் துகள்) போட்டால் பாஸ்பேட் 0.12க்கு இறங்கி, நாலைந்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மொன்டிபோரா என்ற கோரல் பழுப்பேறிப் போச்சு. கடையில் இன்னும் பெரிய ஸ்கிம்மர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?


உப்புத்தண்ணி:

ஸ்கிம்மரை அப்புறம் பார்க்கலாம். குமிழ், கொரகொரப்பு இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சம்ப் வழியாக ஓடும் தண்ணீர் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது.

எவ்வளவு ஓடுகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். டிரெயின் குழாயின் முனையை 10 லிட்டர் வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். உங்கள் தொட்டிக்கு 2,800 முதல் 3,500 வரை போதும், அதாவது தொட்டித் தண்ணீரைப் போல நாலைந்து மடங்கு. கோரலுக்கு வேண்டிய வேகத்தை வேவ்மேக்கர் (தொட்டிக்குள் அலையெழுப்பும் பம்ப்) தரட்டும். சம்ப் ஓட்டத்தின் வேலை மேல்பரப்புப் பிசுக்கைக் கீழே இறக்குவது, ஸ்கிம்மருக்குப் புதுத் தண்ணீர் தருவது, சூட்டைச் சமமாக்குவது, அவ்வளவே. இதைக் கூட்டுவதால் வடிகட்டல் அதிகமாகிவிடாது. சாக்ஸில் பிடித்த கசடு இன்னும் நன்றாக அரைபட்டுக் கரையும், குமிழ் கூடும், சத்தம் கூடும்.

குமிழ் ஏன் மேலே போகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். தடுப்புக் கண்ணாடி இடைவெளி 3 செ.மீ., அகலம் 50 செ.மீ., ஆக 150 சதுர செ.மீ. மணிக்கு 6,000 லிட்டர் என்றால் வினாடிக்கு 1,667 க.செ.மீ. அந்த இடுக்கில் தண்ணீர் வினாடிக்கு 11 செ.மீ. வேகத்தில் கீழிறங்கும். பொடிக் குமிழால் அந்த வேகத்தை எதிர்த்து மேலேற முடியாது, தண்ணீரோடு பம்புக்குள் போய்விடும். 3,000க்குக் குறைத்தால் வேகம் பாதியாகும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் வினாடிக்கு 3 செ.மீ. சொச்சம்தான், அங்கே குமிழ் பிரிய நேரம் கிடைக்கும்.

டர்சோவைக் கழற்றிவிட்டு ஹெர்பி முறைக்கு மாறுங்கள். குழாய் இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் வேலை சின்னதுதான். ஓடும் குழாயின் கீழ்ப்பகுதியில், கை எட்டும் இடத்தில், ஒரு கேட் வால்வு. உருண்டை அடைப்பானுள்ள பால் (ball) வால்வு வேண்டாம், அதில் மயிரிழை அளவுக்குத் திருப்ப முடியாது. ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நீர்மட்டம் இந்தக் குழாயின் வாய்க்கு மேல் 10 முதல் 15 செ.மீ. நிற்கும்வரை வால்வை மூடிக்கொண்டே வாருங்கள். காற்று போகாமல் குழாய் முழுக்கத் தண்ணீராக இறங்கும்போது சத்தம் அடியோடு நின்றுவிடும். அவசரக் குழாயின் வாய் அந்த மட்டத்துக்கு ஓரிரு செ.மீ. மேலே இருக்க வேண்டும். அதில் வால்வும் வேண்டாம், சல்லடையும் வேண்டாம்.

முக்கியமான சோதனை ஒன்று: கேட் வால்வை முழுக்க மூடி, அவசரக் குழாய் ஒன்றே மொத்த ஓட்டத்தையும் தாங்குகிறதா என்று நின்று பாருங்கள். தாங்காவிட்டால் பம்ப் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நத்தை பிரதான குழாயை அடைத்த இரவில் உங்கள் தரையைக் காப்பது அந்த இரண்டாவது குழாய்தான்.

சம்பில் இந்த டிரெயின் முனை நீர்மட்டத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே மட்டும் இருக்கட்டும். 10 செ.மீ. ஆழத்தில் விட்டால், பம்பை மறுபடி போடும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியேறாமல் சைஃபன் (காற்றில்லாமல் குழாய் நிறைந்து இழுக்கும் ஓட்டம்) பிடிக்கவே மாட்டேன் என்னும்.

மின்சாரம் நின்றால் சம்ப் நிரம்புவதற்கு வருகிறேன். தொட்டியின் மேல்பரப்பு 13,500 சதுர செ.மீ. அதில் 1 செ.மீ. இறங்கினால் 13.5 லிட்டர் கீழே வரும். சம்பின் பரப்பு 6,000 சதுர செ.மீ., ஆகவே மேலே 1 செ.மீ. இறங்கினால் கீழே 2.25 செ.மீ. ஏறும். உங்கள் ரிட்டர்ன் வாய் 6 செ.மீ. ஆழத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கணக்கு அப்படித்தான் வருகிறது. அதை 2 செ.மீ.க்கு உயர்த்துங்கள். 54 லிட்டர் குறைவாக இறங்கும், சம்பில் 9 செ.மீ. இடம் மிஞ்சும். ஒருவழி மட்டும் திறக்கும் செக் வால்வை நம்பி இதைச் செய்யாமல் விட வேண்டாம். சுண்ணாம்புப் படிவோ குட்டி நத்தையோ அதன் கதவை ஒருநாள் மூட விடாது. ரிட்டர்ன் குழாயில் துளைபோட்டு சைஃபனை உடைக்கலாம், ஆனால் அந்தத் துளையைப் பாசி மூடும். வாராவாரம் குச்சியால் குத்திவிட வேண்டும். வாயை உயர்த்துவதற்கு எந்தப் பராமரிப்பும் தேவையில்லை.

இன்னொன்று, மின்சாரம் திரும்பியதும் ஸ்கிம்மர் உடனே ஓடக்கூடாது. அந்த நேரம் சம்பில் மட்டம் உயர்ந்திருக்கும்; ஸ்கிம்மர் பொங்கி, கோப்பையில் இருந்த சாக்கடை முழுக்கத் தண்ணீரில் திரும்பக் கொட்டிவிடும். 10 அல்லது 15 நிமிடம் தாமதித்து ஓடும் டைமர் பிளக் போட்டுவிடுங்கள்.


பினாங்கு_பவளம்:

குழாய் வேலை பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் நைட்ரேட்டுக்கு வருகிறேன்.

வாரம் 10 சதம் மாற்றியும் 40லேயே நிற்கிறது என்கிறீர்கள். அது நிற்கத்தான் செய்யும். வாரத்தில் எவ்வளவு நைட்ரேட் புதிதாகச் சேர்கிறதோ, அதைப் போல பத்து மடங்கில் போய் நிலைகொள்வதுதான் 10 சத மாற்றத்தின் கணக்கு. 40 இருக்கும்போது 10 சதம் எடுத்தால் 36, வாரத்துக்குள் 4 சேர்ந்து மறுபடி 40. ஆக உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 4 பிபிஎம் உருவாகிறது என்று பொருள். மாற்றத்தை 20 சதமாக்கினால் 20ல் நிற்கும், ஆனால் வாரம் 160 லிட்டரும் 6 கிலோ உப்பும் யாருக்குக் கட்டுப்படியாகும்? அந்த 4ஐ 1 ஆக்கினால் அதே 10 சதத்தில் 10க்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது அந்த 4 எங்கிருந்து வருகிறது என்பதை.

முதல் இடம் சாக்ஸ். 200 மைக்ரான் சாக்ஸ் நல்ல பொருள்தான், ஆனால் மூன்றாவது நாளுக்கு மேல் அதில் இருப்பது அழுகும் தீனியும் மீன் கழிவும். தண்ணீர் அதன் ஊடாகவே போய்க்கொண்டிருப்பதால் கழிவு அங்கேயே நைட்ரேட்டாகி இறங்கிவிடும். நிரம்பி விளிம்பு வழியே வழிந்தால் வடிகட்டலே இல்லை. 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை மாற்ற முடியும் என்றால் சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்; 8 ஜோடி வாங்கி, சேர்த்து வைத்து, சோப்பு போடாமல் வாஷிங் மெஷினில் கொஞ்சம் குளோரின் ப்ளீச்சோடு துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயப் போடலாம். முடியாது என்றால் தானாக நகரும் ஃப்ளீஸ் ரோலர் (வடிகட்டும் துணிச்சுருள்) போடுங்கள். கசடு சில மணி நேரத்தில் தண்ணீரை விட்டு வெளியே சுருண்டுவிடும். ரோலர் போட்டதும் ஸ்கிம்மர் கோப்பை பாதிதான் நிறையும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

இரண்டாவது இடம் சம்பின் தரை. மீடியா கட்டிகளுக்கு அடியில் எவ்வளவு சகதி இருக்கிறது என்று ஒரு கட்டியைத் தூக்கிப் பாருங்கள். வாரத் தண்ணீர் மாற்றத்தில் எடுக்கும் 80 லிட்டரையும் தொட்டியிலிருந்தே எடுக்காமல், ரிட்டர்னை நிறுத்திவிட்டு, பாதியைச் சம்பின் தரையிலிருந்து உறிஞ்சி எடுங்கள். அதே தண்ணீர், அதே உப்புச் செலவு, ஆனால் வெளியேறும் அழுக்கு பல மடங்கு.

மூன்றாவது தீனி. மைசிஸ் கட்டியைக் கரைத்து அந்தச் சாற்றை வடித்துக் கொட்டுவதால் பெரிய லாபம் இல்லை. பாஸ்பேட்டின் பெரும்பகுதி தீனியின் சதையிலேயே இருக்கிறது. தூள் தீனியை ஒரு மாதம் முழுக்க நிறுத்துங்கள், மைசிஸை 4 கட்டியாக்குங்கள், பெல்லட் ஒரு வேளை போதும். நோரியைக் குறைக்காதீர்கள், டாங்குக்கும் ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் அது வேண்டும்.

ஸ்கிம்மரைப் பற்றி: பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கென் ஃபெல்ட்மன் அளந்து பார்த்தபோது, தண்ணீரில் கரைந்த கரிமப் பொருளில் ஸ்கிம்மர்கள் அகற்றியது கூடிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான். எத்தனை நேரம் ஓட்டினாலும் மிச்சத்தை அது தொடாது. அதனால் பெரிய ஸ்கிம்மர் வாங்குவதைவிட, இருப்பதைச் சரியாக ஓட்டுவதுதான் வழி. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் நீராழம் என்ன என்று பாருங்கள். பல மாடல்களுக்கு 18 முதல் 23 செ.மீ. 25ல் நின்றால் கீழே அக்ரிலிக் மேடை வைத்து உயர்த்துங்கள். ஸ்கிம்மரின் கழுத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். உள்பக்கம் கொழுப்பு படிந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் முனையில் உப்பு கட்டியிருக்கும், வாரம் ஒருமுறை இளஞ்சூடான ஆர்ஓ தண்ணீர் ஒரு கோப்பை அதன் வழியே உறிஞ்ச விடுங்கள். பம்பைக் கழற்றி மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப் போடுங்கள். காற்று குறைந்த ஸ்கிம்மர் ஓடுவது போலவே தெரியும், வேலை மட்டும் நடக்காது.

பிஎச் விஷயம் வேறு. கேஎச் 8.2 வைத்துக்கொண்டு 7.75 என்றால் வீட்டுக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகம். ஏசி போட்டு ஜன்னல் மூடிய அறையில் இது சகஜம். உறுதிசெய்ய வழி: ஒரு குவளை தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு வெளியே வைத்து ஒரு மணி நேரம் ஏர் ஸ்டோன் போட்டு அளந்து பாருங்கள். 8.1, 8.2 என்று ஏறினால் குற்றவாளி வீட்டுக் காற்றுதான். பஃபர் பொடி கொட்டாதீர்கள், கேஎச் ஏறுமே தவிர பிஎச் நிற்காது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோங்கள். 3 மீட்டருக்கு மேல் நீளம் என்றால் குழாய் விட்டத்தைப் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் காற்று குறையும்.

சிங்கப்பூரில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. கொசுவுக்குப் புகையடிக்கும் நாளில் அந்தக் குழாயைக் கட்டாயம் வீட்டுக்குள் இழுத்துவிடுங்கள். அந்தப் பூச்சிமருந்து இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும், மீனையும் விடாது. பேட்டையில் அறிவிப்பு ஒட்டுவார்கள், கண்ணில் படும்படி நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அது கவலையாக இருந்தால் வெளிக்காற்றே வேண்டாம், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பரை ஸ்கிம்மர் காற்றுவாயில் பொருத்துங்கள்.


செராங்கூன்_ரீஃப்:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்துவிட்டேன்: 10 லிட்டர் வாளி 6 வினாடியில் நிரம்புகிறது, அதாவது 6,000. பம்பை 55 சதத்துக்கு இறக்கியதும் 12 வினாடி. குமிழ் முக்கால்வாசி போய்விட்டது. ரிட்டர்ன் வாய் நீங்கள் சொன்னபடி 6 செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. குவளைச் சோதனையில் பிஎச் 8.15.

மீடியா கட்டியைத் தூக்கினால் அடியில் ஒரு விரற்கடை சகதி. அவற்றை எடுத்துவிடலாமா? எடுத்தால் அம்மோனியா ஏறாதா? சம்பின் அந்தப் பகுதியில் ரெஃபியூஜியம் (சத்தைக் குடிக்கும் பாசி வளர்க்கும் இடம்) போடலாம் என்று நினைக்கிறேன். பாஸ்பேட் ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது என்பதும் இன்னும் புரியவில்லை.


பாறைமீன்:

பாஸ்பேட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டால்தான் கோரல் சாகும்.

பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் அதிகம் இருந்த மாதங்களில் அது பாறையின் மேல் ஒட்டிச் சேர்ந்திருக்கிறது. ஜிஎஃப்ஓ தண்ணீரில் உள்ளதை இழுத்ததும் பாறை தன்னிடமிருப்பதை விட்டு அதே அளவுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. நீங்கள் காலி செய்வது 800 லிட்டர் தண்ணீரை அல்ல, 70 கிலோ பாறையை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் ஜிஎஃப்ஓ போலி என்று முடிவு கட்டி, டப்பாவில் போட்ட முழு அளவையும் ஒரே நாளில் கொட்டி, மொன்டிபோராவின் விளிம்பு வெளுத்து உரிவதைப் பார்க்கிறார்கள்.

800 லிட்டருக்கு 150 முதல் 200 மி.லி. ஜிஎஃப்ஓவோடு தொடங்குங்கள். ஆர்ஓ தண்ணீரில் சிவப்புச் சாயம் நிற்கும்வரை அலசி, ரியாக்டரில் (துகளை நிரப்பித் தண்ணீரை ஊடே ஓட்டும் மூடிய குழல்) மேல் அடுக்கு மட்டும் லேசாகக் கொதிப்பது போல அசையும்படி ஓட்டம். வேகம் கூடினால் துகள்கள் உரசிப் பொடியாகித் தொட்டிக்குள் போகும், அசையாமல் கிடந்தால் கட்டிப்பிடிக்கும். தீர்ந்துவிட்டதா என்பதைத் தொட்டித் தண்ணீரில் அளக்க வேண்டாம். ரியாக்டரிலிருந்து வெளியேறும் தண்ணீரை அளந்து பாருங்கள்: உள்ளே போகும் அளவே வெளியேயும் வந்தால் தீர்ந்தது, மாற்றுங்கள். முதல் சில முறை நாலைந்து நாளிலேயே தீரும், அது கெட்ட அறிகுறி அல்ல. வாரத்துக்கு 0.03 முதல் 0.05 வரை இறங்கினால் போதும். 0.05க்கும் 0.10க்கும் இடையே வந்ததும் நிறுத்திவிட்டு, தீனியையும் சாக்ஸையும் வைத்தே பிடித்து நிறுத்தப் பாருங்கள்.

பாஸ்பேட் அளக்க ஹன்னா நிறுவன மீட்டர் வைத்திருந்தால் எந்த மாடல் என்று பாருங்கள். ஒரு மாடல் பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும், பாஸ்பேட்டை அல்ல. அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம்.

கட்டிகளை எடுத்துவிடலாம். 70 கிலோ பாறையும் மணலும் இருக்கும் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இடப் பஞ்சம் கிடையாது. ஆனாலும் எட்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். வாரம் இரண்டு வீதம், எடுத்த மறுநாளும் மூன்றாம் நாளும் அம்மோனியா அளந்து, பூஜ்யம் என்றால் அடுத்த இரண்டு. தூக்கும்போது சகதி கலங்கும், அதனால் ரிட்டர்னை நிறுத்தி, உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு தூக்குங்கள்.

அந்த இடத்தில் ரெஃபியூஜியம் நல்ல யோசனை. கீட்டோமார்ஃபா என்ற நூல்பாசி மட்டும் போடுங்கள். காலெர்பா என்ற பாசி வேண்டாம்; அது ஒருநாள் வித்துவிட்டு மொத்தமாகக் கரைந்து, சேர்த்து வைத்த சத்தையெல்லாம் ஒரே இரவில் தண்ணீரில் கொட்டிவிடும். விளக்கைத் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இரவில் எரிய விடுங்கள்; விடியற்காலை பிஎச் விழுவதையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பந்து உருளும் அளவுக்கு ஓட்டம் வேண்டும், அடியில் வெளிச்சம் படாத பகுதி வெளுத்து அழுகத் தொடங்கும். கூடை நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து வெளியே எறியுங்கள். வெளியே எறிந்தால்தான் அது வடிகட்டல், உள்ளேயே வைத்திருந்தால் வெறும் செடி. பிய்ந்த நூல்கள் ரிட்டர்ன் பம்புக்குள் போகாமல் முன்னால் ஒரு வலைத்தடுப்பு போட மறக்க வேண்டாம்.

பாசி நைட்ரேட்டைக் குடிக்கும் வேகத்தில் பாஸ்பேட்டைக் குடிக்காது. சில மாதத்தில் நைட்ரேட் 5க்கு வந்து, பாஸ்பேட் 0.15ல் நிற்கலாம். அப்போது ரெஃபியூஜிய விளக்கு நேரத்தைக் குறையுங்கள். நைட்ரேட் பூஜ்யமாவதற்கு விடவே கூடாது. இரண்டும் பூஜ்யமான தொட்டியில் மணல் மேல் பழுப்புச் சளி போலக் குமிழோடு படரும் டைனோஃப்ளாஜெல்லேட் வரும். இன்று உங்களிடம் இருக்கும் 40 நைட்ரேட் அதைவிட எவ்வளவோ மேல். குறி 5 முதல் 10.

பினாங்குக்காரர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ரோலர் போட்டால் வேலை குறையும் என்பது சரி, ஆனால் அதன் சென்சாரில் சளி படிந்தால் ஒன்று ஃப்ளீஸ் நகராமல் தண்ணீர் பக்கவாட்டில் வழியும், அல்லது ஒரே நாளில் முழுச் சுருளும் ஓடித் தீரும். ஊருக்குப் போகும்போது அதை நம்பி விட்டுச் செல்பவர்கள், சென்சாரைத் துடைத்துவிட்டுச் செல்ல வேண்டும். சாக்ஸில் இப்படி மறைந்திருக்கும் பழுது கிடையாது, கண்ணுக்கு நேரே தெரியும்.


செராங்கூன்_ரீஃப்:

தெளிவாகிவிட்டது. நைட்ரேட்டைச் சீக்கிரம் இறக்க வினிகர் ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதோடு, டிஐ இல்லாமல் ஆர்ஓ மட்டும் போதுமா?


பினாங்கு_பவளம்:

வினிகர் இப்போது வேண்டாம் ஐயா. அது பாக்டீரியாவை வளர்த்து, அதை ஸ்கிம்மர் வழியே வெளியேற்றும் முறை. உங்கள் ஸ்கிம்மர் இன்னும் சரியான ஆழத்தில்கூட நிற்கவில்லை. வெளியேற்றம் இல்லாமல் பாக்டீரியாவை மட்டும் வளர்த்தால் தண்ணீர் பால் போலக் கலங்கி, இரவில் ஆக்சிஜன் சரிந்து, பெரிய மீன்கள் முதலில் மூச்சுவாங்கும். இரண்டு மூன்று மாதம் மற்றதையெல்லாம் செய்த பிறகும் 20க்கு மேல் நின்றால், 800 லிட்டருக்கு நாளொன்றுக்கு 6 மி.லி. வெள்ளை வினிகரில் தொடங்கி, வாரத்துக்கு 6 மி.லி. வீதம் கூட்டலாம். கண்ணாடியில் வெள்ளைச் சளி கண்டால் பாதியாக்குங்கள்.

சீக்கிரம் இறக்க வேண்டுமானால் நேர்வழி இருக்கிறது: 25 சதத் தண்ணீர் மாற்றம் மூன்று முறை, பத்து நாள் இடைவெளியில். 40 என்பது 30, 22.5, 17 என்று இறங்கும். இடையில் சேர்வது தனிக்கணக்கு. புது உப்பின் கேஎச்சைக் கவனியுங்கள். சில உப்பைக் கலக்கினால் 12 வரை வரும். அதை 25 சதம் சேர்த்தால் உங்கள் 8.2 ஒரே நாளில் 9.15 ஆகும், பலவீனமான கோரலுக்கு அது அதிர்ச்சி. 8, 8.5 வரும் உப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

டிஐ கட்டாயம் வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன். கார்பன் கட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அதை ஆர்ஓ சவ்வு முழுக்கத் தடுக்காது, டிஐ ரெசின்தான் பிடிக்கும். சிலிகேட்டும் அப்படியே. கார்பன் கட்டியைக் குளோரமைனுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கி, கழிவு நீரில் மொத்தக் குளோரின் டெஸ்ட் ஒன்று போட்டுப் பாருங்கள். நிறம் வந்தால் கார்பன் முடிந்தது, சவ்வும் கெட்டுக்கொண்டிருக்கிறது. டிஐக்குப் பின் டிடிஎஸ் 0 இருக்க வேண்டும். 1 காட்டிய அன்றே ரெசினை மாற்றுங்கள், தீர்ந்த ரெசின் பிடித்து வைத்ததைத் திரும்ப விடும். ஆர்ஓவைப் போட்டதும் வரும் முதல் சில லிட்டரின் டிடிஎஸ் எப்போதும் கூடுதலாக இருக்கும். அதை டிஐக்குள் விடாமல் தனிக் குழாயில் வெளியேற்றினால் ரெசின் நீண்ட நாள் வரும்.

ஆவியாகும் தண்ணீரை நிரப்பும் ஆட்டோ டாப்-அப் தொட்டி 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் ஒட்டிக்கொண்டு முழுக்கக் கொட்டினாலும் உப்பு 35லிருந்து 33.3க்குத்தான் இறங்கும், மீனும் கோரலும் தாங்கும். 150 லிட்டர் பீப்பாயை நேரடியாக இணைத்தால் தாங்காது.


அடையாறு_அலை:

சென்னையிலிருந்து ஒரு துணைக்கேள்வி. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருவதால் எங்கள் தொட்டியில் அவை கிடையாது. மீனும் காளான் கோரல், ஜோவாந்தஸ் வகைகளும்தான். ஆனால் சம்ப் அமைப்பு இதேதான். மின்வெட்டு நாலைந்து மணி நேரம் நீண்டால் எதை முதலில் ஓட்ட வேண்டும்?


உப்புத்தண்ணி:

ரிட்டர்னும் ஸ்கிம்மரும் வேண்டாம் தம்பி, அவை மின்சாரத்தை விழுங்கும். 12 வோல்ட் டிசி வேவ்மேக்கர் ஒன்றை மேல்பரப்பு நன்றாகச் சிற்றலை அடிக்கும்படி மேல்நோக்கித் திருப்பி பேட்டரியில் ஓட்டுங்கள். ஆக்சிஜன் உள்ளே வருவதும் கார்பன் டை ஆக்சைடு போவதும் அந்தப் பரப்பில்தான். 20 வாட் வேவ்மேக்கர், 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தாலும் 120 வாட்-மணி, 6 மணி நேரம் ஓடும். மின்சாரம் போனதும் தானாக மாறும் வகையாக வாங்குங்கள், வீட்டில் ஆள் இல்லாத பகலில்தான் இது தேவைப்படும்.

சம்பில் மூடிய ரியாக்டரோ கேனிஸ்டர் ஃபில்டரோ இருந்தால் அங்கேதான் ஆபத்து. தண்ணீர் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, அழுகல் தொடங்கிவிடும். மின்சாரம் வந்ததும் அது அப்படியே தொட்டிக்குப் போகும். ஆகவே ரியாக்டர் பம்பின் பிளக்கைத் தனியாக வைத்து, தானாக ஓடத் தொடங்காதபடி செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் உள்ளிருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மோந்து பார்த்து, அழுகிய முட்டை வாடை இல்லை என்றால் மட்டும் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசி மாட்டுங்கள். வாடை இருந்தால் மீடியாவையும் தூக்கிப் போடுங்கள். வெட்டு ஏற்பட்ட அன்றைக்குத் தீனியும் போடாதீர்கள். மறுநாள் காலை அம்மோனியா பார்த்துவிட்டுப் போடலாம்.